மீதி இருபது நாட்கள்: புற்றுநோயாளர்களுக்கு இணையம் எப்போது துணையாகிறது?

கீமோ சிகிச்சை பெறும் பலருக்கு நாட்காட்டி 21 நாட்களால் ஆனது. அதில் ஒரு நாள் மருத்துவமனையில் கழிகிறது. மருந்து ஏறுகிறது, ஃபைலில் அடுத்த தேதி எழுதப்படுகிறது, நோயாளி பேருந்தோ ரயிலோ பிடித்து ஊர் திரும்புகிறார். மீதி 20 நாட்களும் வீடுதான். குமட்டல் வருவதும், வாய் புண்ணாகிச் சோறு இறங்காமல் போவதும், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றுவதும் அந்த 20 நாட்களில்தான்.

மருந்து ஏறி ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரத்த வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த அளவுக்கு இறங்குகின்றன. அந்த நேரத்தில் வரும் காய்ச்சலை மற்ற காய்ச்சல்களோடு சேர்த்து எண்ணக் கூடாது. உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே மருத்துவக் குழுவுக்குத் தெரிவித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். ஆனால் நள்ளிரவில் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு விடியட்டும்னு பார்க்கலாமா?" என்று முடிவெடுக்கும் இடத்தில் மருத்துவர் இருப்பதில்லை. நோயாளியும் அவருடைய வீட்டாரும் மட்டுமே இருக்கிறார்கள்.

உலகில் 2022ஆம் ஆண்டில் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. இந்தியாவில் அந்த எண்ணிக்கை 14 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரின் வீட்டு நாட்களையும் மருத்துவமனைப் படுக்கைகளால் தாங்க முடியாது. அந்த நாட்களுக்கு இணையத்தின் வழியாகத் துணை தர முடியுமா என்ற கேள்வி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. கிடைத்திருக்கும் விடைகள் நம்பிக்கையும் தருகின்றன, எச்சரிக்கையும் செய்கின்றன.

தன்மேலாண்மை என்றால் என்ன?

நீண்டகால நோயுடன் வாழ்பவர் அந்த நோயை அன்றாடம் தானே கவனித்துக்கொள்ளும் திறனைத் தன்மேலாண்மை என்கிறார்கள். மாத்திரையை நேரத்துக்கு விழுங்குவது மட்டும் இதில் அடங்குவதில்லை. ஜூலியட் கார்பின், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர்கள் 1980களில் நோயாளிகளின் வீட்டு வாழ்க்கையைக் கூர்ந்து ஆராய்ந்து, அவர்கள் மூன்று வகை உழைப்பைச் சுமப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். மருந்து, உணவு, பரிசோதனை எனச் சிகிச்சை சார்ந்த உழைப்பு முதலாவது. தாயாக, வேலைக்குப் போகிறவராக, குடும்பத் தலைவராக இருக்கும் பொறுப்புகளை நோய்க்கேற்ப மாற்றியமைப்பது இரண்டாவது. பயம், கோபம், துக்கம் ஆகியவற்றோடு மல்லுக்கட்டுவது மூன்றாவது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேட் லோரிக் இந்தச் சிந்தனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். மூட்டுவாத நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய பயிற்சி வகுப்புகள் பிறகு மற்ற நீண்டகால நோய்களுக்கும் விரிந்தன. அவர் வலியுறுத்திய திறன்கள் எளியவை: சிக்கலைப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்பது, தக்க நேரத்தில் முடிவெடுப்பது, கிடைக்கும் உதவிகளைத் தேடிப் பயன்படுத்துவது, மருத்துவரோடு கூட்டாளியாகப் பேசுவது, சிறிய செயல்திட்டம் வகுத்து அதை நிறைவேற்றுவது. தகவல் தெரிவதும் திறன் கைவருவதும் வேறுவேறு. நீச்சலைப் பற்றி எத்தனை படித்தாலும் குளத்தில் இறங்கினால்தானே கை வரும்!

இணையம் பரவும் முன்பே தொடங்கிய முயற்சி

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் கஸ்டஃப்சன் தலைமையிலான குழு 1980களின் இறுதியில் 'செஸ்' என்ற கணினித் துணைத்திட்டத்தை உருவாக்கியது. வீட்டுக் கணினி அரிதாக இருந்த காலம் என்பதால், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களின் வீடுகளுக்கே அவர்கள் கணினியைக் கொண்டுபோய் வைத்தார்கள். நோய் பற்றிய விளக்கம், மற்ற நோயாளிகளோடு உரையாடும் குழு, வல்லுநரிடம் கேள்வி கேட்கும் வசதி, முடிவெடுக்க உதவும் கருவி ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன.

இந்தக் குழுவின் இரண்டு முடிவுகள் இன்றைக்கும் பொருந்தும். வசதியும் கல்வியும் குறைந்த பெண்களுக்கே இதனால் கூடுதல் பலன் கிடைத்தது என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர், ஒரு பிரிவினருக்கு 'செஸ்', ஒரு பிரிவினருக்கு வெறும் இணைய இணைப்பு, மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு என்று பிரித்து ஒப்பிட்டார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் 'செஸ்' பெற்ற பெண்கள் வாழ்க்கைத்தரத்திலும் பிறர் ஆதரவை உணர்வதிலும் மேம்பட்டிருந்தார்கள். வெறும் இணைய இணைப்பு பெற்றவர்கள் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட அப்படியொன்றும் முன்னேறவில்லை. தகவல் கடலில் ஒருவரைத் தனியே இறக்கிவிடுவதால் அவருக்கு உதவி கிடைத்துவிடாது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

நியூயார்க்கில் கேட்கப்பட்ட 12 கேள்விகள்

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் நடந்தது. முற்றிய நிலையில் கீமோ பெற்றுவந்த 766 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் இணையவழிப் படிவத்தில் 12 அறிகுறிகளை அவ்வப்போது குறித்தார்கள்: வலி, குமட்டல், மூச்சுத்திணறல், களைப்பு, பசியின்மை போன்றவை. ஏதேனும் ஓர் அறிகுறி கடுமையானால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போனது. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு.

ஈதன் பாஷ் தலைமையிலான குழு 2016இல் முதல் முடிவுகளை வெளியிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் வழக்கமான கவனிப்பில் 41 சதவீதம், அறிகுறி குறித்தவர்களில் 34 சதவீதம். வாழ்க்கைத்தரம் மேம்பட்டவர்கள் முறையே 18, 34 சதவீதம். அறிகுறி குறித்தவர்களால் கீமோ சிகிச்சையை அதிக காலம் தொடர முடிந்தது. 2017இல் வந்த முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அறிகுறி குறித்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புது மருந்து ஒன்றுகூடச் சேர்க்காமல், கேட்க வேண்டியதைக் கேட்டதால் கிடைத்த ஐந்து மாதம் அது.

எப்படி இது நடந்தது? நோயாளிகளின் அறிகுறிகளில் பாதி வரை மருத்துவர் கவனத்துக்கே வராமல் போவதை முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை டாக்டர்" என்பதே பலரின் பதில். டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற தயக்கம், சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம், "இதெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்" என்ற எண்ணம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. படிவம் வலியைத் தனியே கேட்கிறது, மூச்சைத் தனியே கேட்கிறது. தனித்தனியாகக் கேட்டால் மனிதர் சொல்கிறார்.

இன்னொரு செய்தியும் இந்த ஆய்வில் உண்டு. கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்கே சில பலன்கள் கூடுதலாகக் கிடைத்தன. "இதெல்லாம் படித்தவர்களுக்கான சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிட இடமில்லை.

பிரான்சில் ஃபாப்ரிஸ் டெனி குழுவினர் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் இதே வழியில் ஆராய்ந்தார்கள். முதற்கட்டச் சிகிச்சை முடிந்து கண்காணிப்பில் இருந்தவர்கள் வாரம் ஒருமுறை வீட்டிலிருந்தே எடை, பசி, இருமல், மூச்சு, வலி போன்றவற்றைக் குறித்து அனுப்பினார்கள். நோய் திரும்பும் சாயல் தெரிந்தால் உடனே ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டார்கள். 2019இல் வெளியான முடிவின்படி இடைநிலை ஆயுட்காலம் 22.5 மாதமாகவும், வழக்கமான கண்காணிப்பில் 14.9 மாதமாகவும் இருந்தது. நோய் திரும்பியபோது, குறித்து அனுப்பியவர்களில் நான்கில் மூவர் சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலையில் இருந்தார்கள். மற்றப் பிரிவில் அப்படி இருந்தவர்கள் மூன்றில் ஒருவர் மட்டுமே.

ஐரோப்பா சேர்த்த பாடம்

ஆஸ்திரியா, கிரீஸ், நார்வே, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் 12 மருத்துவமனைகளில் நடந்த 'இ-ஸ்மார்ட்' ஆய்வு தன்மேலாண்மைக்கு இன்னும் நெருக்கமானது. ரோமா மகுவாயர் தலைமையில் நடந்து 2021இல் வெளியான இதில் 829 பேர் கலந்துகொண்டார்கள். நோயாளி கைக்கருவியில் அன்றாடம் தன் நிலையைப் பதிந்தார். லேசான தொல்லை என்றால் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்ற அறிவுரை உடனே திரையில் வந்தது. கவலைக்குரியது என்றால் மருத்துவமனைக்கு எச்சரிக்கை போய், செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். சிகிச்சை நெடுகிலும் அறிகுறிச் சுமை கீமோ தொடங்கும் முன் இருந்த அளவிலேயே பெரும்பாலும் நின்றது. 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற தன்னம்பிக்கையும் கூடியது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் காலினா வெலிகோவா குழுவினர் 508 பேரிடம் செய்த 'இ-ராபிட்' ஆய்வில் பலன் மிதமாக இருந்தது. 6ஆம், 12ஆம் வாரங்களில் உடல்நலம் மேம்பட்டது. 18ஆம் வாரத்தில் அந்த வேறுபாடு மறைந்தது. ஆனால் மருத்துவமனையின் வேலைப்பளு கூடவில்லை. 'இதையெல்லாம் பார்க்க எங்களுக்கு ஆள் எங்கே?' என்று கேட்கும் நிர்வாகங்களுக்கு இது முக்கியமான பதில்.

பலிக்காத இடங்கள்

நல்ல முடிவுகளை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது. நெதர்லாந்தில் 'ஆன்கோகொம்பாஸ்' என்ற இணையக் கருவி, சிகிச்சை முடிந்தவர்களுக்காக உருவாக்கப்பட்டது. அவர்கள் தங்கள் பிரச்சினைகளைக் குறித்தால் அவற்றுக்கேற்ற விளக்கமும், அணுகத்தக்க உதவிகளின் பட்டியலும் வரும். 625 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, தன் நலனைத் தானே ஏற்று நடத்தும் அறிவும் உறுதியும் கூடுகின்றனவா என்பதையே முதன்மையாக அளந்தது. அதில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வாழ்க்கைத்தரத்தில் சிறிய முன்னேற்றமும், சில அறிகுறிகளில் தணிவும் மட்டுமே கிடைத்தன.

பாஷ் குழுவினரே தங்கள் முறையை அமெரிக்காவின் 52 புற்றுநோய் சிகிச்சை நிலையங்களுக்கு விரித்து, 1,191 பேரிடம் ஆராய்ந்தார்கள். 2022இல் வந்த முடிவில் உடல் இயக்கமும் அறிகுறிக் கட்டுப்பாடும் மேம்பட்டிருந்தன. கேட்கப்பட்ட வாராந்தரப் படிவங்களில் 91 சதவீதத்துக்கும் மேல் நிரப்பப்பட்டன. ஆனால் 2025இல் வெளியான இறுதி முடிவில் ஆயுட்கால வேறுபாடு தெரியவில்லை. ஒரே பெரிய மருத்துவமனையில் கிடைத்த ஐந்து மாதத்தை எல்லா இடங்களுக்குமான வாக்குறுதியாக்கிப் பேசுவது தவறு. துன்பம் குறையும் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆயுள் நீளும் என்று அதே உறுதியோடு சொல்லக் கூடாது.

எதிர்த் திசையிலும் ஒரு சான்று உண்டு. டென்மார்க்கில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 255 பெண்களில் ஒரு பிரிவினருக்குத் தூக்கமின்மையைப் போக்கும் உளவியல் பயிற்சி முழுக்க இணையத்திலேயே தரப்பட்டது. 2018இல் வெளியான ஆய்வின்படி அவர்களின் உறக்கம் நன்றாகவே தேறியது. அன்றாடப் பழக்கத்தை மாற்றுவதே மருந்தாக இருக்கும் தொல்லைகளுக்கு, நன்கு வடிவமைத்த பாடத்திட்டம் தானாகவே வேலை செய்யும்.

இதோடு 2025இல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வையும் வைத்துப் பார்க்க வேண்டும். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப் பேருக்கு உடற்பயிற்சியையும் உணவையும் பற்றிய விளக்க ஏடுகள் கொடுக்கப்பட்டன. மறுபாதிக்கு அவற்றோடு, மூன்று ஆண்டுகள் பயிற்சியாளர் ஒருவர் துணை நின்றார். ஐந்தாண்டு முடிவில் நோயின்றி வாழ்ந்தவர்கள் ஏடு மட்டும் பெற்றவர்களில் 73.9 சதவீதம், பயிற்சியாளர் துணையோடு இருந்தவர்களில் 80.3 சதவீதம். எட்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 83.2, 90.3 சதவீதம். இது இணைய ஆய்வு அன்று. ஆனாலும் காகிதத்தில் இருக்கும் தகவலுக்கும் கூடவே வரும் மனிதருக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு அரிது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு புலப்படுகிறது. உறக்கப் பயிற்சி போன்ற விதிவிலக்கு தவிர, பலன் பெரிதாகக் கிடைத்த இடங்களில், நோயாளி சொன்னதை மறுமுனையில் ஒருவர் படித்தார், திருப்பி அழைத்தார், மருந்தை மாற்றினார். கருவியை மட்டும் கொடுத்துவிட்டு விலகிய இடங்களில் பலன் சுருங்கியது. தன்மேலாண்மை என்ற சொல்லைக் காட்டி மருத்துவமனை தன் பொறுப்பைக் கைகழுவ இடம் கொடுக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியம்

மறுமுனையில் பொறுப்பானவர் இல்லாத இடத்தை வேறு யாராவது நிரப்பிவிடுகிறார்கள். நான்கு பொதுவான புற்றுநோய்களைப் பற்றிச் சமூக ஊடகங்களில் மிகப் பரவலாகப் பகிரப்பட்ட 200 கட்டுரைகளை அமெரிக்க வல்லுநர்கள் மதிப்பிட்டார்கள். ஸ்கைலர் ஜான்சன் தலைமையிலான அந்த ஆய்வில், மூன்றில் ஒன்று தவறான தகவலைக் கொண்டிருந்தது. ஏறக்குறைய அதே அளவுக் கட்டுரைகள் தீங்கு விளைவிக்கக் கூடியவை. சரியான கட்டுரைகளைவிடத் தவறானவற்றுக்கே வாசகர் ஈடுபாடு அதிகம்.

இதன் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு வழக்கமான மருத்துவத்தை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை ஜான்சன் குழு 2018இல் ஆராய்ந்தது. அவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆகவே ஓர் இணையதளத்தையோ செயலியையோ நம்பும் முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. இதை நடத்துவது யார்? கடைசியாக எப்போது திருத்தினார்கள்? எதையாவது விற்கிறார்களா? எந்த அறிகுறி வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத தளம் எத்தனை அழகாக இருந்தாலும் நோயாளிக்கு உகந்ததன்று.

தமிழில் கேட்டால்தான் தமிழில் சொல்வார்கள்

தமிழ்நாட்டில் சென்னைக்கோ வேலூருக்கோ மதுரைக்கோ வந்து கீமோ ஏற்றிக்கொண்டு, தொலைவிலுள்ள ஊருக்குத் திரும்புகிறவர்கள் பலர். அவர்களுக்கு இந்த 20 நாட்கள் இன்னும் நீளமானவை. இணையமும் எல்லோருக்கும் எட்டுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். பல வீடுகளில் செல்பேசி மகன் கையிலோ மருமகள் கையிலோ இருக்கிறது. படிவத்தை நிரப்புபவர் அவர்களாகும்போது, அம்மாவின் வலி அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கே பதிவாகும். நோயின் பெயரையே நோயாளியிடம் மறைத்துவைக்கும் குடும்பங்களில் நிலைமை இன்னும் சிக்கல்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. 52 நிலையங்களில் நடந்த அமெரிக்க ஆய்வில் இணையம் வேண்டாம் என்றவர்களுக்குத் தானியங்கித் தொலைபேசி அழைப்பு தரப்பட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதையே தேர்ந்தெடுத்தார்கள். சாதாரண பட்டன் போனில் தமிழில் கேள்வி கேட்டு, எண்ணை அழுத்தச் சொன்னால் போதும்.

கேள்வியின் மொழியிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 'வாந்தி' என்பது இலங்கையில் 'சத்தி'. 'மயக்கம்' என்று ஒருவர் சொன்னால் அது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்புவதாகவும் இருக்கலாம். கீமோவின் களைப்பை 'அசதி' என்பார்கள், 'உடம்பை அடிச்சுப்போட்ட மாதிரி' என்பார்கள். விரல் நுனி மரத்துப்போவதை ஒருவர் 'எரியுது' என்பார், இன்னொருவர் 'ஊசி குத்துது' என்பார். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 30 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தர வினாப்பட்டியல் தமிழிலும் உண்டு. அத்தகைய வினாப்பட்டியல்களை மொழிபெயர்த்தவுடன் அச்சடித்துவிடுவதில்லை. மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்த்து, நோயாளிகளிடம் படித்துக்காட்டி, புரிகிறதா என்று கேட்ட பிறகே பயன்படுத்துகிறார்கள். தமிழில் உருவாகும் ஒவ்வொரு செயலிக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

மறுமுனைக்கான ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்களும் செவிலியர்களும் வீடு தேடி வருகிறார்கள். ரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளோடு நோய்தணிப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். கீமோ பெறும் நோயாளிக்கு வாரம் ஒருமுறை 12 கேள்விகள், பதில் மோசமானால் சிகிச்சை தரும் மருத்துவமனையின் செவிலியருக்குத் தகவல், அன்றே அவரிடமிருந்து ஓர் அழைப்பு. இதை முதலில் ஒரு மாவட்டத்தில் தொடங்கி, பலனை அளந்து, பிறகு விரிக்கலாம். தொழில்நுட்பத்தில் பெரிய செலவு இல்லை. செவிலியரின் நேரத்துக்குத்தான் செலவு. அந்தச் செலவைச் செய்யாமல் செயலியை மட்டும் வெளியிட்டால், திறப்பு விழாவோடு அது முடிந்துபோகும்.

அரசும் மருத்துவமனைகளும் அதைச் செய்யும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில், இரவிலும் எடுக்கப்படும் மருத்துவமனை எண்ணைக் கேட்டு எழுதுங்கள். அதன் கீழே 108ஐயும், மருத்துவ ஆலோசனைக்கான 104ஐயும் எழுதுங்கள். ஒரு நோட்டில் தினமும் காய்ச்சல், வலி, சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றை நோயாளி சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே குறியுங்கள். அடுத்த முறை டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போது "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். அந்த நோட்டை அவர் முன் விரித்து வையுங்கள்.